இரண்டாவது பதிவேடு

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. தன் பெயர் எங்கே எழுதப்படுகிறது, எழுதியதை யார் வைத்திருக்கப்போகிறார்கள் என்பதில் அவ்வளவு கவனமாக இருந்த ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு, முதல் வரியிலேயே பெயரைப் போட மனம் வரவில்லை. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர்.

கிளிநொச்சியில், செயற்கைக் கால் கை செய்து கொடுக்கும் ஒரு சிறிய நிலையத்தில் இருவரும் வேலை செய்தோம். முன்பக்கம் பட்டறை. நாள் முழுக்க பிளாஸ்ரிக் காய்ச்சும் மணமும் மெசின் தேய்க்கும் சத்தமும் இருக்கும். பின்னால் ஓர் ஒடுங்கிய அறையில் நாங்கள் இருவர், ஒரு சேர்வர் கணினி, ஒரு ஏசி. ஏசி சேர்வருக்காகத்தான், உங்களுக்காக அல்ல என்று நிலையத்தை நடத்தும் பணிப்பாளர் அடிக்கடி நினைவுபடுத்துவார்.

அங்கே வருபவர்களின் பதிவேட்டைக் கணினியில் வைத்து நடத்துவது எங்கள் வேலை. பெயர், ஊர், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, அளவு, காலைக் கட்டும் பட்டியைக் கடைசியாக எப்போது மாற்றியது. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பெட்டி இருந்தது: எப்படி இழந்தார். அளவெடுக்கும்போது சனம் தானாகக் கதை சொல்லும். எந்த இடம், எந்த நாள், பக்கத்தில் யார் யார் நின்றார்கள், அவர்கள் பிறகு என்ன ஆனார்கள். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு எதிரில் இருப்பவரை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. அவர்கள் சொன்னதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போயிருந்தது.

நான் கொழும்பில் மூன்று வருடம் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதியவன். அப்பாவுக்குச் சுகமில்லாமல் போனதால் ஊருக்குத் திரும்பி வந்திருந்தேன். அக்கா வவுனியாவில் படித்தவர், வன்னியை விட்டு வெளியே வேலை பார்க்காதவர். ஆகவே இந்த அறையில் அதிகம் தெரிந்தவன் நான்தான் என்ற நினைப்போடு உள்ளே வந்தேன்.

முதல் வாரமே அந்த நினைப்பில் மண் விழுந்தது. பட்டி மாற்றவேண்டியவர்களின் விவரத்தை எடுத்துக் காட்டும் ஒரு பக்கத்தை அரை நாளில் எழுதிக் கொடுத்தேன். பதிவேடு கிடக்கும் டேற்றாபேஸ் எந்த முகவரியில் இருக்கிறது, கடவுச்சொல் என்ன என்பதைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி, நேரே திறந்து எடுத்திருந்தேன். அக்கா வாசித்துப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, பூட்டைப் பூட்டிப்போட்டு வாசல் படலையிலயே திறப்பைத் தொங்க விட்டிருக்கிறீர்?"

"எங்கட ஆக்கள் மட்டும்தானே அக்கா பாக்கப்போகினம்."

"எங்கட ஆக்கள் எண்டா ஆர்?"

அக்கா என் நாற்காலியைத் தள்ளிவிட்டு, நான் எழுதிய பன்னிரண்டு வரிகளை அழித்தார். அந்த இடத்தில் ஒரேயொரு வரி எழுதினார். பதிவேடு வேண்டும் என்ற வேண்டுகோள், அதற்கு ஒரு பெயர். அவ்வளவுதான்.

"கேக்கிறது புரோகிராமின்ர வேலை. குடுக்கிறது கொன்டெய்னரின்ர வேலை. எங்க இருக்கு, திறப்பு எது எண்டு உம்மட புரோகிராமுக்குத் தெரியத் தேவையில்லை. தெரிஞ்சால் ஒரு நாளைக்கு ஆருக்கும் சொல்லிப்போடும்."

கொன்டெய்னர் என்று நாங்கள் சொன்னது, புரோகிராம்களைத் தனக்குள் வைத்து ஓட்டும் ஒரு பெரிய மென்பொருளை. புரோகிராமுக்கு எது தேவையோ அதைக் கொன்டெய்னர் ஓடும் நேரத்தில் உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கும், வேலை முடிந்ததும் அதுவே எடுத்துப் பூட்டும். எந்த வேண்டுகோளுக்கு எந்த டேற்றாபேஸ் என்பது கொன்டெய்னரின் அமைப்புக் கோப்பில் ஓரிரு வரியில் இருக்கும். இந்த முறைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரில் இன்ஜெக்ஷன் என்று ஒரு சொல் வரும். பட்டறையில் காலுக்கு வார்ப்பெடுக்கும் அண்ணை ஒருமுறை அதைக் கேட்டுவிட்டு, "நாங்கள் ஆக்களுக்குக் கால் போடுறம், நீங்கள் கொம்பியூட்டருக்கு ஊசி போடுறியளோ?" என்றார். அக்கா சிரிக்காமல், "ஓம் அண்ணை. என்ன மருந்தெண்டு பாத்துத்தான் போடுறனான்" என்றார்.

அந்த முறை எனக்கும் தெரியாததல்ல. கொழும்பில் அப்படித்தான் எழுதினோம். ஆனால் இவ்வளவு சிறிய இடத்துக்கு அது எதற்கு என்று நினைத்தேன். அதனால் இன்னொரு பக்கத்தில், அவர் பார்க்காத இடத்தில், என் பழைய வழியிலேயே நேரே திறந்து எழுதியிருந்தேன். திறந்ததை மூட மறந்துவிட்டேன். ஒரு திங்கட்கிழமை கிளினிக் நாளில் பத்து மணிக்கெல்லாம் டேற்றாபேஸ் இனி ஒருவருக்கும் இடமில்லை என்று நின்றுவிட்டது. முன்னால் மர வாங்குகளில் நாற்பது பேர் உட்கார்ந்து காத்திருந்தார்கள். துணுக்காயிலிருந்து விடியவே பஸ் ஏறி வந்த ஒரு வயதானவர் காலைக் கழற்றிப் பக்கத்தில் சாத்திவைத்துவிட்டு, கூப்பிடுவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பிழையைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. என்னை ஏசவில்லை. "நீர் திறந்ததை நீர் பூட்டமாட்டீர் எண்டுதான் அந்த வேலையை உம்மட்ட விடேல்லை" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. சரியாகச் சொன்னவர்மேல் வரும் கோபம்.

அவர் எதைக் கண்டாலும் முதலில் கேட்பது, அது எங்கிருந்து வந்தது என்று. யாராவது பிஸ்கற் பெட்டி கொண்டுவந்து வைத்தால் மற்றவர்கள் பெட்டியைப் பிரிப்பார்கள். அக்கா, "ஆர் தந்தது? என்னத்துக்குத் தந்தது?" என்று கேட்டு முடித்த பிறகுதான் கை நீட்டுவார். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால், "என்ர நம்பரை உங்களுக்கு ஆர் தந்தது?" என்பதுதான் அவருடைய ஹலோ. ஒருநாள் இருவருமாக வன்பொருள் கடை ஒன்றில் வயர் வாங்கப் போயிருந்தோம். குலுக்கலுக்கு என்று ஒரு துண்டை நீட்டினார்கள். நான் என் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிக் கொடுத்தேன். அக்காவும் மளமளவென்று எழுதிப் போட்டார். எட்டிப் பார்த்தேன். பெயர், ஊர், இலக்கம் எல்லாமே பொய். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இவ்வளவு இலகுவாகப் பொய் எழுதுகிற கை வேறு என்னவெல்லாம் எழுதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவரைக் கவனிக்கத் தொடங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். பொதுவாக நான் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்வருவேன். அவர் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு அறையிலேயே இருப்பார். ஒருநாள் வழமையைவிட நேரத்தோடு திரும்பிவிட்டேன். கதவு பாதி திறந்திருந்தது. அவருடைய திரையில் பெயர்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக நீண்ட பட்டியல். அவர் கூரையைப் பார்ப்பார், சிறிது யோசிப்பார், பிறகு ஒரு பெயரைத் தட்டுவார். மறுபடி கூரையைப் பார்ப்பார். என் காலடி கேட்டதும் திரை மாறிவிட்டது.

"நேரத்தோட வந்திட்டீர்" என்றார்.

"ஓம் அக்கா. வெயில்."

நான் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். பதிவேட்டில் இருக்கும் பெயர்களை மனதில் வைத்திருந்து எங்கோ எழுதுகிறார் என்று முடிவு செய்தேன். யாருக்கு? வன்னியில் பெயர்ப் பட்டியல் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஆட்களின் முகம் மாறும்; சண்டைக் காலத்தில் பட்டியலில் பெயர் வந்தவர்கள் பலர் திரும்பி வரவில்லை. என் முகமும் மாறத்தான் செய்தது. பிறகும் இரண்டு தடவை அப்படிக் கண்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரணைமடுக் குளத்தின் கீழ் குடியேற்றக் கொலனியில் வயல் செய்து ஊன்றிக்கொண்ட குடும்பம். அக்காவின் தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்டு, வன்னியில் ஜெயபுரத்துக்கு வந்தவர்கள். எங்களோடு பேசும்போது எங்களைப்போலவே பேசுவார். தாயோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும், "சாப்டீங்களாம்மா? மாத்திரை போட்டீங்களா?" என்று குரலே வேறாகிவிடும். ஒருநாள் வீட்டில் அவரைப் பற்றிச் சொன்னபோது அம்மா, "அந்தப் பிள்ளை எவ்விடம்?" என்று கேட்டா. சொன்னேன். "ஓ" என்றா. தோட்டத்து ஆட்களை எங்கள் ஆட்கள் கீழாகப் பார்க்கும் பார்வை முழுக்க அந்த ஓவில் இருந்தது. எனக்கு அப்படியான எண்ணம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அதே பட்டியலை எங்கள் கொலனி ஆள் ஒருவர் தட்டிக்கொண்டிருக்கக் கண்டிருந்தால், என்ன எழுதுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். அக்காவிடம் கேட்கவில்லை. மனதுக்குள் சேர்த்துவைத்தேன்.

ஆய்வுக்காரர் என்று நாங்கள் கூப்பிட்டவர் வந்தது அந்த நாட்களில்தான். சலவை மடிப்புக் கலையாத சேட், மெல்லிய குரல். நிலையத்துக்குப் பண உதவி தரும் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தார். எத்தனை பேருக்கு எந்த வகைக் கால் பொருந்துகிறது என்று ஆராய்கிறாராம். பதிவேட்டைப் பார்க்க அனுமதி வேண்டும். மாற்றமாட்டார், பார்க்க மட்டும்தான். பணிப்பாளர் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தவுடனேயே ஓம் என்றுவிட்டார். அக்கா மட்டும் கேட்டார்: "ஆய்வுக்குப் பேர் என்னத்துக்கு சேர்?"

"பிள்ளை, அவைதான் எங்களுக்குத் தாறவை. அவை கேட்டால் குடுக்கத்தான் வேணும்."

"சரி, குடுக்கிறன்" என்றார் அக்கா. அவ்வளவு சீக்கிரம் சரி என்றது எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு வாரத்தில், அதே சேர்வரில் இரண்டாவது கொன்டெய்னர் ஒன்றை ஏற்படுத்தினார். எங்கள் ஆட்கள் முதலாவதில் வேலை செய்வார்கள், வெளியாட்கள் இரண்டாவதில் நுழைவார்கள். இரண்டிலும் ஓடியது ஒரே புரோகிராம்தான், ஒரு எழுத்துக்கூட வித்தியாசமில்லை. ஆய்வுக்காரருக்கு அதில் நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து அக்கா தாயைக் கண் சத்திரசிகிச்சைக்கு யாழ்ப்பாணம் கூட்டிப் போனார். ஐந்து நாள் லீவு. மூன்றாம் நாள் காலை பணிப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆய்வுக்காரர் தொலைபேசியில் முறையிட்டிருந்தார்.

"பதிவேட்டில ஏதோ பிழையாம் தம்பி. முள்ளியவளையில ஒரு விலாசத்துக்குப் போனவராம். அப்பிடி ஒரு ஆளே அங்க இல்லையாம். வேற ரெண்டு இடத்திலயும் அப்பிடித்தானாம். என்னெண்டு பாரும்."

பார்த்தேன். புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை. அது பதிவேடு வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு கொன்டெய்னர்களின் அமைப்புக் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவதில், அந்த வேண்டுகோளுக்கு எங்களுடைய உண்மையான டேற்றாபேஸ் இருந்தது. இரண்டாவதில், அதே வேண்டுகோளுக்கு நான் கேள்விப்பட்டே இராத இன்னொரு டேற்றாபேஸ். பணிப்பாளருக்கும் அது தெரியாது.

பட்டியல் தட்டியது, திரை மாற்றியது, குலுக்கல் துண்டு எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. ஏதோ களவு நடக்கிறது, அதை நான்தான் பிடித்திருக்கிறேன் என்று பட்டது. என்ன களவு என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது. மேசையில் தொலைபேசி கிடந்தது. அக்காவை அழைத்திருக்கலாம். ஆஸ்பத்திரி வாங்கில் இருந்திருப்பார், இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அழைத்தால் எச்சரிக்கையாகிவிடுவார் என்று நினைத்து அழைக்கவில்லை.

முதலாவது கோப்பிலிருந்த வரிகளை, கடவுச்சொல் மறைத்து எழுதப்பட்டிருந்த அந்த வடிவத்திலேயே, இரண்டாவது கோப்பில் போட்டேன். கொன்டெய்னரை நிறுத்தித் திரும்பத் தொடக்கினேன். பணிப்பாளரிடம் போய், "சரி செய்தாச்சு சேர்" என்றேன். அவர் என் தோளில் தட்டினார். ஆய்வுக்காரர் அன்று பின்னேரமே உள்ளே நுழைந்தார். புரோகிராம் வழமைபோலப் பதிவேட்டைக் கேட்டது. இந்தமுறை கொன்டெய்னர் உண்மையானதைக் கொடுத்தது.

அக்கா திங்கட்கிழமை வந்தார். பையைக் கீழே வைக்க முன்னமே நான் தொடங்கிவிட்டேன். அந்த இரண்டாவது டேற்றாபேஸ் என்ன என்று, விசாரிக்கிறவனின் தொனியில் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையைத் திறந்து கோப்பைப் பார்த்தார்.

"எப்ப மாத்தினனீர்?"

"புதன்கிழமை. அந்தாள் முறைப்பாடு செய்தது. விலாசத்துக்குப் போய்ப் பாத்தால் ஆளில்லையாம்."

"ஆய்வுக்கு எண்ணிக்கை பாக்க வந்தவர் விலாசத்துக்கு ஏன் தம்பி போனவர்?"

அந்தக் கேள்வி ஐந்து நாளாக என் முன்னாலேயே கிடந்திருக்கிறது. நான் காணவில்லை.

அவர் முதலில் அந்த ஆளின் அனுமதியை வெட்டினார். பிறகு, கணக்குச் சொல்வதுபோல, குரல் உயராமல் சொன்னார். இரண்டாவது பதிவேட்டில் வயது சரி. ஆணா பெண்ணா சரி. எந்தக் கால், என்ன அளவு, என்ன வகை எல்லாம் உண்மையில் உள்ளபடி. ஆய்வு செய்கிறவருக்கு ஒரு குறையும் வராது. பெயரும் ஊரும் விலாசமும் கடைசிப் பெட்டியில் இருந்த கதையும் மட்டும் வேறு. அவற்றை அவர் ஒவ்வொன்றாக யோசித்து எழுதியிருக்கிறார், உயிரோடிருக்கும் யாருடைய பெயரும் தற்செயலாகப் பொருந்திவிடாதபடி. அதற்காகத்தான் சாப்பாட்டு நேரங்களில் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் களவு என்று நினைத்தது அதைத்தான்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"ஓம், சொல்லியிருக்கலாம்" என்றார். திரையை மூடினார். "உம்மை நம்பேல்லை."

ஆய்வுக்காரர் யாருடைய பக்கங்களைத் திறந்தார் என்று கொன்டெய்னர் குறித்துவைத்திருந்தது. ஏழு பேர். எல்லோரும் முல்லைத்தீவுப் பக்கம். எல்லோருடைய கடைசிப் பெட்டியும் நீளமானது. வகை, அளவு பற்றிய பக்கங்களை அவர் தொடவே இல்லை. ஆய்வுக்காரரின் கடிதத்தில் இருந்த இலக்கத்துக்குப் பணிப்பாளர் அழைத்தார். பிறகும் அழைத்தார், யாரும் எடுக்கவில்லை. அவர் யார், யாருக்காக வந்தார் என்பது இன்றுவரை எங்களுக்குச் சரியாகத் தெரியாது.

பத்து நாளில் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பொய்யான விவரம் வைத்திருந்தார் என்பது காரணம். அவருக்குக் கொடுத்த கடிதத்தில் இருந்தது உண்மைதான், அதை மறுக்க இடமில்லை. மேலே யாரோ கேட்டதற்குப் பணிப்பாளருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. நான் அவருடைய அறைக்குப் போய், மாற்றியது நான்தான் என்று சொன்னேன். "நீர் நான் சொன்னதைத்தானே செய்தனீர்" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது. அக்காவின் கதிரை எனக்குக் கிடைத்தது. இரண்டு மாதம் நான் அதில் உட்காரவில்லை. பிறகு உட்கார்ந்தேன்.

அவர் போன அடுத்த வாரம் என்னை அழைத்தார்.

"சனிக்கிழமை உமக்கு வேலை இருக்கோ?"

"இல்லை அக்கா."

"அந்த ஏழு பேரிட்டயும் போகவேணும். அவைக்குத் தெரியவேணும்."

விவரங்களை அச்சடித்துக் கொண்டுவரவா என்று கேட்டேன். "கடுதாசி வேண்டாம். பாடமாக்கிக்கொண்டு வாரும்" என்றார். ஏழு பெயர்களையும் ஏழு விலாசங்களையும் நான் பாடமாக்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் எதையும் அப்படிப் பாடமாக்கியதில்லை. என் மோட்டார்சைக்கிளில் நானும் அவருடைய ஸ்கூட்டியில் அவருமாகப் பரந்தனில் திரும்பி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போனோம். மூன்று சனிக்கிழமைகள் போனோம். ஒவ்வொரு படலையிலும் அக்கா ஒரே மாதிரித்தான் சொன்னார்: "நீங்கள் எங்களிட்டச் சொன்ன விவரம் வெளியில போயிட்டுது. எங்கட பிழை. ஆரும் வந்து கேட்டால், என்ன கேட்டவையெண்டு எங்களுக்குச் சொல்லுங்கோ." எங்கட பிழை என்றார். என்னை ஒருதடவையும் காட்டிக்கொடுக்கவில்லை. சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் ஏசினார். ஒருவர் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை, சண்டை முடியும்போது சனமெல்லாம் கடந்து வெளியே வந்த வட்டுவாகல் பாலத்துக்கு இப்பால் நிழலில் நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். நான் கேட்டேன், உங்களுக்கு ஏன் எல்லாரிலும் இவ்வளவு சந்தேகம் என்று. இப்போது யோசித்தால் அந்த இடத்தில், அந்த ஆளிடம், அப்படிக் கேட்க எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. அவர் போத்தலை மூடினார்.

"சண்டை முடிஞ்சு வெளிய வரேக்க, அப்பாவின்ர பேர் ஒரு பட்டியலில இருந்தது. அப்பா லொறி ஓடினவர், வேற ஒண்டும் இல்லை. ஆமிக்காரங்கள் பேரை வாசிச்சாங்கள், அப்பா போனார், திரும்பி வரேல்லை. ஆர் அந்தப் பேரைக் குடுத்ததெண்டு இண்டைக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆரோதான். தெரியாத ஆளுக்கு எப்பிடி எங்கட அப்பாவின்ர பேர் தெரியும்?"

பிறகு ஸ்கூட்டியை எடுத்தார். நான் பின்னால் போனேன். அந்த வழி முழுக்க அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

கடைசி வீடு முள்ளியவளையில். ராணி என்ற பெண், நாற்பது வயதிருக்கும். முழங்காலுக்குக் கீழே போட்ட கால். நாங்கள் போனபோது கைத்தடி இரண்டை ஊன்றிக்கொண்டு படலைக்கு வந்தார். செயற்கைக் காலின் பாதம் வெடித்து ஒரு மாதமாகிறதாம்.

"ஏன், நிலையத்துக்கு வந்திருக்கலாமே?" என்றேன் நான்.

"வரமாட்டன்" என்றார். "ரெண்டு பேர் வந்தவை. நான் ஆரோட நிண்டனான், என்ர தம்பி இப்ப எந்த நாட்டில எண்டெல்லாம் கேட்டவை. நான் உங்கட இடத்தில அளவெடுக்கேக்க மட்டும்தான் அந்தக் கதையைச் சொன்னனான். வேற ஒருத்தருக்கும் சொன்னதில்லை, என்ர பிள்ளையளுக்கும் சொன்னதில்லை."

அக்கா, தான் இப்போது அங்கே வேலையில் இல்லை என்று சொல்லிவிட்டு, வழமையான வார்த்தைகளைத் தொடங்கினார். எங்கட பிழை என்று வந்தபோது நான் இடையில் புகுந்தேன். "அவாவின்ர பிழை இல்லை. அவா மறைச்சு வைச்சிருந்தவா. நான்தான் மாத்தினனான்."

ராணி என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி?"

"அவாவில சந்தேகப்பட்டு."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெயிலில் தடிகள்மேல் நின்றுகொண்டே நெடுநேரம் பார்த்தார். படலையைத் திறக்கவில்லை. அக்கா மெதுவாகக் கேட்டார், காலை எங்களிடம் தரமுடியுமா, திருத்திக் கொண்டுவந்து தருகிறோம், நீங்கள் அங்கே வரத்தேவையில்லை என்று.

"நீங்கள்தான் இப்ப அங்க இல்லையெண்டு சொன்னியள்."

"இவரிட்டக் குடுங்கோ" என்றார் அக்கா. "கொண்டுபோய், திருத்தி, கொண்டுவந்து தருவார்."

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாதாரணமாகத்தான் சொல்லியிருந்தார். ராணி உள்ளே போய், உரப்பை ஒன்றில் சுற்றிய காலைக் கொண்டுவந்து, படலைக்கு மேலால் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன். அதை மோட்டார்சைக்கிளின் பெற்றோல் தாங்கிமேல் மடியோடு அணைத்து வைத்துக்கொண்டு கிளிநொச்சிவரை மெதுவாக ஓட்டினேன்.

அதற்குப் பிறகு அக்காவை நான் இரண்டு தடவைதான் கண்டேன். வவுனியாவில் ஒரு கம்பனியில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன், பிறகு அங்கும் இல்லை என்றார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. தேடினால் கண்டுபிடிக்கலாம். அதை அவர் விரும்பமாட்டார்.

வார்ப்பெடுக்கும் அண்ணை புதிய பாதம் பொருத்தி, பட்டிகளையும் மாற்றிக் கொடுத்தார். பன்னிரண்டாவது நாள் நான் தனியாக முள்ளியவளைக்குப் போனேன். ராணி இந்தமுறை படலையைத் திறந்தார், ஆனால் வா என்று சொல்லவில்லை. மாமரத்தின் கீழ் கதிரையில் உட்கார்ந்து, உரப்பையைப் பிரித்து, ஒவ்வொரு பட்டியாக இழுத்துப் பார்த்தார். பாதத்தைத் திருப்பித் தட்டிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுத் தடவினார். அவசரப்படவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றேன். பிறகு காலைப் போட்டு, எழும்பி, கிணற்றடிவரை நடந்து போனார், திரும்பி வந்தார். இன்னொருதரம் போய் வந்தார்.

"வலது பக்கம் கொஞ்சம் உரசுது" என்றார்.

நான் முழங்காலிட்டு, பட்டியைத் தளர்த்தினேன்.